சத்தம் வந்துவிட்டது

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது, பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் கத்திக்கொண்டே பறந்தன, கீழ்வீட்டில் யாரோ ஐயோ என்று அலறினார்கள், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கேம் கேசட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த என் பையன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் அசையவில்லை. மஞ்சள் கேசட்டை எடுத்தான், சிவப்புக் கேசட்டின்மேல் வைத்தான், சாயாமல் நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். டிவி அவன் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தது நான்தான், சத்தமே வராத பெட்டியில் லேசாக ஓர் இரைச்சலாவது கேட்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்றியவன், ஏற்றிய நினைப்பே இல்லாமல் இந்தப் பழைய டிவி கேமைத் திறந்து உள்ளே குடைந்துகொண்டிருந்தேன், சத்தத்துக்கான வெள்ளை ஒயர் சொருகுகிற இடத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தியதும் விட்டுப்போயிருந்த ஈயப்பற்று தொட்டுக்கொண்டு கேமின் பாட்டு முழுசும் ஒரே வெடியாக வெடித்தது. ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்குவதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் காதுக்குள் இன்னும் ஙொய் என்கிறது. என் காதுக்குள். பயந்து உறைந்துவிட்டானோ, சில பிள்ளைகள் பயத்தில் அழக்கூட மாட்டார்கள் என்பார்களே, ஆனால் உறைந்துபோனவன் கேசட் அடுக்க மாட்டான். "ஏனுங்க தம்பி, மேல என்னங்க வெடிச்சுது? என்ற நெஞ்சே நின்னு போச்சு போங்க" என்று கீழிருந்து வீட்டுக்கார அம்மா கத்துகிறார். "ஒண்ணுமில்லீங்க, டிவி சத்தமுங்க, குறைச்சுட்டனுங்க." "பையன் பயந்துக்கிட்டானுங்களா? நெத்தியில துண்ணூறு வெச்சு உடுங்க." சரிங்க என்கிறேன். பயந்துகொண்டானா என்று கேட்கிறார். ஓவென்று அழுதுகொண்டே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டால் போதும், ராத்திரி முழுக்கத் தூங்காமல் சிணுங்கினால் போதும், மூன்று தெரு கேட்க அழட்டும், நான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். அவன் பச்சைக் கேசட்டை எடுத்துவிட்டான்.

நளினா ஏன் ஓடி வரவில்லை? சமையலறையிலிருந்து "என்னங்க அது?" என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான், பிறகு கோழிக்குழம்புக்குத் தாளிக்கிற சத்தம். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, பிள்ளையை வாரி எடுத்து, நெஞ்சைத் தடவி, என்னை நாலு வார்த்தை திட்டியிருப்பாள். கொஞ்ச நாளாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் தட்டைக் கீழே போடுகிறவள், கையில என்ன வெண்ணெய் தடவிட்டிருக்கியா என்று நான் கேலி செய்தால் சிரிக்காமல் குனிந்து எடுத்துக்கொண்டு போகிறவள், இந்த வெடிக்கு ஒரு கரண்டியைக் கூடக் கீழே போடவில்லை. அதை நினைக்க இப்போது நேரமில்லை. முதலில் யோசிக்க வேண்டும், ஒழுங்காக யோசிக்க வேண்டும். பம்புசெட் கம்பெனியில் என் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு நான் தினமும் சொல்வது இதுதான், மோட்டார் ஓடவில்லை என்றால் பதறாதே, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கோளாறு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததிலிருந்து இந்தக் கேமில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. டிவியில் கோளாறா? செட்டாப் பாக்ஸை மாட்டினால் சத்தம் வருகிறது, ஆகவே டிவி இல்லை. ஒயரா? செட்டாப் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கி இதற்குப் போட்டேன், அப்போதும் இல்லை, ஆகவே ஒயர் இல்லை. கேசட்டா? சின்ன வயசில் எல்லோரும் செய்கிற மாதிரி வாயை வைத்து ஊதினேன், ரப்பரால் தேய்த்தேன், வேறு கேசட் போட்டேன், எல்லாமே ஊமைப்படம். ஊமை என்று ஏன் சொன்னேன். பேச்சு வாக்கில் வருகிற வார்த்தைதானே, யாரும் கேட்கவில்லை, மனசுக்குள்தான் சொன்னேன், இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மிஞ்சியது பெட்டி. பெட்டியைத் திறந்தேன். கோளாறு அங்கேதான் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது என்று இருக்கக்கூடாதா.

இந்தச் சனியனைப் பரணிலிருந்து இறக்காமலே இருந்திருக்கலாம். பையனுக்குப் பேச்சு வராததற்கு செல்போன்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், போனைப் பிடுங்கி வைத்தோம், அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று தெரியாமல் இதை எடுத்து வந்தேன். போன வாரம் முழுக்க, குதித்துக் குதித்து ஓடுகிற அந்தக் குட்டி மனிதனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். சத்தமில்லாத கேம் உப்பில்லாத குழம்பு மாதிரி எனக்குத்தான் சப்பென்றிருந்தது. பொறுடா, அப்பா ஞாயித்துக்கிழமை சத்தம் வர வெச்சுத் தர்றேன், அப்பறம் பாரு, டுடுடுன்னு நீயே பாடுவ என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன்? அவன் முதுகிடம். சாயங்காலம் எல்லாம் அவன் முதுகிடம்தான் பேசியிருக்கிறேன், பேப்பரைப் படித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு. ஒரு வாரமாகச் சத்தமில்லாமல் விளையாடுகிற பிள்ளைக்குச் சத்தம் இல்லை என்பதே தெரியவில்லை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதெல்லாம் இல்லை, சின்னப் பிள்ளை, படம் ஓடினால் போதும் அதற்கு. இரு. இப்போதே கூப்பிட்டுப் பார்த்துவிட்டால் முடிந்தது. "துருவா." மெதுவாகத்தான் வருகிறது குரல். "துருவா!" கேசட் கோபுரம் ஆடுகிறது, இரண்டு கையாலும் பிடித்து நிறுத்துகிறான். விளையாட்டு மும்முரம். மும்முரத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளை திரும்பும், நானே மேட்ச் பார்க்கும்போது நளினா நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பிடிவாதம் வேறு, எங்கள் அப்பாவின் பிடிவாதம் அப்படியே இவனுக்கு. கையைத் தட்டிப் பார்ப்போம். எழுந்து, அவனுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் ஓங்கித் தட்டினேன். திரும்பினான்! திரும்பிவிட்டான், என்னைப் பார்த்துச் சிரித்தான், கீழ்வரிசையில் இரண்டு பல் நடுவே சந்து தெரியச் சிரித்தான், ஓங்கிய கையை இறக்காமலே நான் அப்படியே உட்கார்ந்தேன். முட்டாள், முட்டாள், நானும் ஒரு மனுஷன், நல்ல பிள்ளையைப் போய் என்னென்னவோ நினைத்தேன், பழனிக்கு நடந்தே வருகிறேன் முருகா, மொட்டை போட்டுக்கொள்கிறேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்து இல்லை, தரையைப் பார்த்து. தரையில் கையை வைத்து எதையோ பிடிக்கப் பார்த்தான். என் நிழல். பால்கனி வெயில் என் முதுகில் அடிக்கிறது, ஓங்கிய கையின் நிழல் அவன் கேசட்டுகளின்மேல் விழுந்திருக்கிறது. கையை இறக்கினேன், நிழலும் இறங்கியது. மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

நிழல் விழாத பக்கம், சோபாவுக்கு அந்தப் புறம் போய் நின்றேன். அங்கிருந்து தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன், உள்ளங்கை எரிகிறது. ஒன்று கழிந்தது. மும்முரமில்லை, இப்போது சும்மாதான் உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான். பிடிவாதமில்லை, பிடிவாதக்காரனுக்கு வெடிச்சத்தத்தில் தோள் துள்ளாமல் இருக்க முடியாது, அது அவன் கையில் இல்லை. கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது எது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வேகமாகக் கழிக்க மனசு வரவில்லை. பிறந்தபோது அழுதானே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் காதாரக் கேட்டேனே. நான் கேட்டேன். போன தீபாவளிக்குத் தெருவே கிடுகிடுத்தது, வாசலில் அணுகுண்டு வெடித்தபோது இவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுதன, அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், என்ற பேரன் வெடிக்குப் பயப்படாதவன், போலீஸ்ல சேத்தோணும் என்று. நானும்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அட கடவுளே, அதற்குப் போய்ப் பெருமைப்பட்டோமே. காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி, சொந்தபந்தம் எல்லாம் கூடி, நளினாவின் அண்ணன் மடியில் உட்கார வைத்து, மேளக்காரர் இவன் தலைமாட்டில் நின்று அடித்தார், மேளத்துலயும் தூங்கறான் பாரு புண்ணியவான் என்று ஒரு பெரியம்மா கன்னத்தைக் கிள்ளினாள். அத்தனை பேரும் அன்றைக்குப் பார்த்தது இவன் காதைத்தான். சந்தனம் பூசி, புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று உற்றுப் பார்த்து, குத்தி, தங்கத்தில் தோடு போட்டு, போட்டோ எடுத்து. இருநூறு பேர் சாப்பிட்டுப் போன விசேஷத்தில் அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாக்கைத்தான் பிடித்துக்கொண்டோம். பேச்சு வரவில்லை என்றதும் அம்மா வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள், கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள், நீயும் மூணு வயசு முடிஞ்சுதான் கண்ணு பேசுன, ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசும், நம்ம வம்சமே அப்படி என்றாள், நானும் அதையே நளினாவிடம் திருப்பித் திருப்பிச் சொன்னேன், வந்துரும், வந்துரும், நானெல்லாம் எப்பப் பேசுனேன் தெரியுமா. கம்பெனியில் ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பென்ச்சில் மோட்டார் கத்துகிறது என்று ஒருத்தன் மூடியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தால் நான் கையைத் தட்டிவிடுவேன், சத்தம் கேக்கற எடத்துல பாக்காதடா, எங்க இருந்து வருதுன்னு பாரு என்பேன். என் வேலையே காதுதான். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்வேன். நாள் முழுக்க இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வந்து என் பிள்ளையின் முதுகிடம் பேசியிருக்கிறேன். அதைவிட நேற்று. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, டிவி ரிமோட்டை எடுக்காதே என்று நான் சொல்லச் சொல்ல இவன் எடுத்துக்கொண்டு போனான், நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், இவன்கிட்டச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு. சொல்லிவிட்டேன். கம்பெனியில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை, அப்படியே வாயில் வந்துவிட்டது. நளினா தோசையை என் தட்டில் போட வந்தவள் போடாமல் தோசையோடு திரும்பினாள். என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்லீங்க என்று போய்விட்டாள். எங்காவது போய் யாருக்கும் தெரியாமல் அழவேண்டும் போலிருக்கிறது, ஆனால் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு எதுவும் தெரியாது, பாவம், அவனை அப்படித் தாங்குகிறாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கூடச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய், மண்டி போட்டு உட்கார்ந்து, மூஞ்சிக்கு நேராக வைத்துக்கொண்டு பேசுகிறாள், ஏன் மகாராஜாவைப் பின்னால நின்னு கூப்பிட்டா ஆகாதா என்று நான் கேட்டிருக்கிறேன். அப்படித் தாங்குகிறவளிடம் போய், அடுப்பு முன்னால் நின்று, என்ன சொல்வேன். உறுதியாகத் தெரியாமல் சொல்லக்கூடாது. இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வோம். டாக்டரிடம் காட்டாமல் நாமே முடிவு கட்டக்கூடாது, காதில் அழுக்கு அடைத்திருக்கும், சளி இறங்கியிருக்கும், பேரிங்கில் பிசுக்கு அடைத்தாலே சத்தம் மாறிவிடுகிறதே. டிவியை மறுபடி ஏற்றினால் கீழ்வீட்டு அம்மா மேலேயே வந்துவிடுவார். வேறு ஏதாவது வேண்டும், கனமாக, கூர்மையான சத்தமாக. டீப்பாயின்மேல் என் டிபன் பாக்ஸ் இருந்தது, நேற்றுக் கம்பெனியிலிருந்து வந்து வைத்தது, இன்னும் கழுவப்போடவில்லை. அதன் மூடியை எடுத்துக்கொண்டேன். மூடிக்குள் எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய் ஒட்டியிருந்தது. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, நிழல் விழாத இடமாக, அவன் தலைக்குப் பின்னால் போய் நின்றேன். பிடரியில் மயிர் சுருண்டிருக்கிறது. காதுக்குப் பின்னால் நளினா வைத்த திருஷ்டிப் பொட்டு வியர்வையில் லேசாக இழுகியிருக்கிறது. திரும்புடா சாமி. இந்த ஒரு தடவை திரும்பிவிடு, இனிமேல் நான் உன்னிடம் எதையுமே கேட்க மாட்டேன், நீ பேசவே வேண்டாம், அப்பா என்று கூப்பிடக்கூட வேண்டாம், திரும்பினால் மட்டும் போதும். மூடியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டேன். மொசைக் தரையில் அது விழுந்து, துள்ளி, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கிணுகிணுத்து அடங்க நெடுநேரம் ஆனது. அவன் கோபுரத்தின் உச்சியில் கடைசிக் கேசட்டை வைத்து, தனக்குத்தானே கையைத் தட்டிக்கொண்டான்.

"அது பத்தாதுங்க" என்றாள் நளினா. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கையில் கரண்டி இருந்தது, அதிலிருந்து குழம்பு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. கை தவறிவிட்டது என்று சொல்லப் பார்த்தேன். "மூடி சின்னது. நான் தட்டைப் போட்டுப் பாத்துட்டேன், அண்டாவைத் தட்டிப் பாத்துட்டேன், சீர்த் தாம்பாளத்தை இவன் தலைக்குப் பின்னால நின்னு போட்டேன், அது ஒரு பக்கம் நெளிஞ்சே போச்சுங்க. அதுக்கும் திரும்புல." எனக்கு வெடிச்சத்தத்தை விட இது பெரிய இடியாக இருந்தது, வீட்டில் விழுந்த தட்டெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதுக்குள் விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் நான் அடித்த கேலியும் சேர்ந்து விழுந்தது. "எப்ப இருந்து நளினா?" "ஆடி மாசத்துல இருந்துங்க." "என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?" அவள் கரண்டியைப் பார்த்தாள். "சொல்லோணும்னுதான் தெனமும் வருவேன். நீங்க வந்துரும், வந்துரும்னு சொல்லுவீங்க. நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கும் வந்துரும்னு இருக்கும். அதான் மறுநாள் இன்னொரு தட்டு போட்டுப் பாப்பேன்." கரண்டியை அப்படியே ஷெல்பின்மேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, கோபுரத்தைக் காட்டினான், அவள் பெரிதாக வாயைத் திறந்து, ஆ, எவ்வளவு உசரம் என்றாள், அவன் அவள் உதட்டைப் பார்த்து அதே மாதிரி வாயைத் திறந்தான். நான் இன்னும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். பிறகு நானும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், அவள் பக்கத்தில், அவனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.